சூஜோவில் ஒரே நாள்: எந்தத் தோட்டம், எப்படிப் பார்ப்பது?

உங்கள் கேள்வி இது: ஷாங்காய்க்கு அலுவலக வேலையாகப் போகிறீர்கள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. சூஜோ போய்ப் பழைய சீனத் தோட்டங்களைப் பார்க்கலாமா, பார்த்தால் எதை? போய்வந்த நண்பர் ஒருவர் "பாறை, குளம், மறுபடி பாறை, மறுபடி குளம். ஒரு மணி நேரத்தில் சலித்துவிட்டது" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் நண்பர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. கூட்டத்தோடு கூட்டமாக வாசலில் நுழைந்து, அம்புக்குறி காட்டும் வழியில் நடந்து, வெளியே வந்தால் யாருக்கும் சலிக்கத்தான் செய்யும். இவை நடந்து முடிப்பதற்கான பூங்காக்கள் அல்ல, வீடுகள். பதவியை விட்டு வந்தவர்கள், பதவியிலிருந்து விரட்டப்பட்டவர்கள், பிற்காலத்தில் வியாபாரத்தில் பணம் சேர்த்தவர்கள் என்று பலர் மதில் எழுப்பி உள்ளே குடியிருந்த வீடுகள். குளத்தைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு மண்டபமும் யாரோ உட்கார்ந்து எதையோ பார்ப்பதற்கென்று, அல்லது கேட்பதற்கென்று, கட்டியது. உட்கார வேண்டிய இடத்தைப் படம் எடுத்துக்கொண்டே கடந்து போனால் பாறையும் குளமும்தான் மிஞ்சும்.

ஆகவே ஒரு நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டில் ஒன்று சின்னதாக இருக்கட்டும். உள்ளே போனால் உட்காருங்கள்.

சூஜோ கி.மு. 514இல் வூ நாட்டு அரசன் ஹெலூ எழுப்பிய நகரம் என்பது மரபு. ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இங்கே இருந்தன. இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை ஒன்பது: 1997இல் நான்கு, 2000இல் மேலும் ஐந்து. பெரும்பாலானவர்கள் போவது ஜுவோஜெங் யுவானுக்கு ('யுவான்' என்றால் தோட்டம்). 'எளிய அதிகாரியின் தோட்டம்' என்று சொல்வார்களே, அதுதான். நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது வாங்ஷி யுவானை. தமிழில் வலைஞர் தோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாங்ஷி யுவான் வீட்டையும் சேர்த்தே ஒன்றேகால் ஏக்கர் சொச்சம்தான். 12ஆம் நூற்றாண்டில், தென் சோங் வம்சத்தின் காலத்தில், ஓர் அதிகாரி இங்கே வீடும் நூலகமும் வைத்திருந்தார். அது பாழாகிப் போய், 18ஆம் நூற்றாண்டில் இன்னொரு அதிகாரி மறுபடி கட்டியபோதுதான் இந்தப் பெயர். அரசாங்க வேலை போதும், இனி மீன் பிடித்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்கிற பாவனை. நிஜ மீனவர் எவரும் இப்படிப்பட்ட வீட்டில் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

நடுவில் இருக்கும் குளம் பக்கத்துக்கு 20 மீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் கரையில் நின்றால் அப்படித் தெரியாது. ஏன் தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தோட்டத்தைப் பார்க்கும் சுகமே. கரையைக் கவனியுங்கள். பழுப்பு மஞ்சள் கல்லை அடுக்கி, நீர்மட்டத்தில் மட்டும் உள்ளே குடைந்து விட்டிருக்கிறார்கள். தண்ணீர் கல்லுக்கு அடியில் புகுந்து போவதால் குளம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. எதிரெதிரான இரண்டு மூலைகளில் தண்ணீர் ஒடுங்கி வாய்க்கால் போல நழுவிப் போகிறது, எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற மாதிரி. தென்கிழக்கு மூலையில் அந்த ஒடுங்கிய நீருக்கு மேல் யின்ஜிங் என்ற வளைவுப் பாலம் இருக்கிறது. மூன்று எட்டு வைத்தால் கடந்துவிடலாம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் நிற்க வேண்டும். பெரிய பாலத்துக்கு உரிய கைப்பிடி, படி, வளைவு எல்லாம் குட்டி அளவில் இருக்கும். பாலம் சிறுத்ததும் பக்கத்தில் இருக்கும் குளம் தானாகப் பெரிதாகிவிடுகிறது.

கட்டடங்களிலும் இதே கணக்குதான். தண்ணீரை ஒட்டி நிற்பவை தாழ்வாக, திறந்த மண்டபமாக இருக்கும். உயரமான கூடங்களை ஒரு கல்மலைக்குப் பின்னாலோ மரங்களுக்குப் பின்னாலோ தள்ளி வைத்திருக்கிறார்கள். வடக்கே பைன் மரங்களைப் பார்த்தபடி ஒரு கூடம், முன்னால் ஒரு முதிய சைப்ரஸ். சோங் காலத்து மரம் என்கிறார்கள். மேற்குக் கரையில் நீர்மேல் தூக்கிக் கட்டிய ஆறுகோண மண்டபத்துக்கு 'நிலா வர, காற்று வர' என்ற பொருளில் பெயர். அதன் பின்சுவரில் ஒரு பெரிய கண்ணாடி பதித்திருக்கும். வானத்தில் ஒரு நிலா, தண்ணீரில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று என்று உட்கார்ந்த இடத்திலேயே மூன்று பார்க்கலாம். பகலில் போனாலும் அந்தக் கண்ணாடி குளத்தை இன்னொரு மடங்கு நீட்டிக் காட்டும். அங்கே ஓரத்தில் சாய்மானத்தோடு பெஞ்ச் உண்டு, இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

குளத்துக்கு மேற்கே ஒரு வட்ட வாசல் வழியாகப் போனால் தியென்சுன் யி என்ற சிறிய முற்றம். வசந்தம் முடியும்போது பூக்கும் பியோனிக்காக வைத்தது. படிக்கும் அறையின் பின்பக்கம் மூன்று சன்னல்கள். அவற்றுக்கும் மதிலுக்கும் நடுவே ஓரிரு அடிதான் இடைவெளி. அந்தச் சந்தில் சுண்ணாம்பு பூசிய சுவரை ஒட்டி ஒரு கல், கொஞ்சம் மூங்கில், ஒரு செடி. அறைக்குள் இருந்து பார்த்தால் சன்னல் சட்டத்துக்குள் மூன்று ஓவியங்கள் மாட்டியிருக்கின்றன. காற்றடித்தால் அசைகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். வெளுத்த சுவரைத் தாளாகவும் கல்லையும் மூங்கிலையும் மையாகவும் வைத்துக்கொள்வது சூஜோவின் ஆதார உத்தி. இந்த இடத்தில்தான் அது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் ஒரு சீன முற்றம் இருக்கிறது, 1981இல் திறந்தது. அதற்கு மாதிரி இந்த முற்றம்தான். சூஜோவிலிருந்து கைவினைஞர்கள் போய்க் கட்டிக் கொடுத்தார்கள்.

இதே முற்றத்தில் ஒரு புலியின் கல்லறைக் கல்லும் இருக்கிறது. 1930களில் ஓவியர் ஜாங் தாச்சியென்னும் அவர் அண்ணன் ஜாங் ஷான்ட்ஸியும் இங்கே குடியிருந்தார்கள். அண்ணன் புலி ஓவியத்துக்குப் பேர்போனவர். பார்த்து வரைய வேண்டுமே என்று வீட்டுக்குள்ளேயே ஒரு புலிக்குட்டியை வளர்த்தார். அது செத்ததும் தோட்டத்திலேயே புதைத்தார்கள். கல்லில் இருப்பது தம்பி வெகுகாலம் கழித்துத் தைவானிலிருந்து எழுதி அனுப்பிய எழுத்து.

சரி, ஜுவோஜெங் யுவானுக்கு வருவோம். கிட்டத்தட்ட 13 ஏக்கர், சூஜோவிலேயே பெரியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங் ஷியென்சென் என்ற தணிக்கை அதிகாரி, அரசியலில் அடிபட்டு ஊர் திரும்பி, இதைத் தொடங்கினார். செடிக்குத் தண்ணீர் விட்டுக் காய்கறி விற்பதே என் போன்ற மந்தபுத்திக்காரனுக்கு ஏற்ற நிர்வாகம் என்ற பழைய வரியிலிருந்து பெயர் எடுத்தார். அவர் நண்பரான ஓவியர் வென் ஜெங்மிங் 1533இல் தோட்டத்தின் 31 காட்சிகளைக் கவிதையோடு வரைந்து வைத்தார். அந்தப் படங்களில் இருப்பது பெரும்பாலும் மரம், தண்ணீர், தோப்பு. கட்டடம் குறைவு. இன்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி பிற்காலத்தில், சிங் வம்சத்தில், வந்து சேர்ந்தது. 500 வருடப் பழைய தோட்டம் என்று வழிகாட்டி சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங் ஷியென்சென்னின் மகன் ஒரே ராத்திரிச் சூதாட்டத்தில் தோட்டத்தைத் தோற்றான் என்பது கதை. அதற்கப்புறம் கைமாறி, துண்டாகி, 1860களில் தைப்பிங் கிளர்ச்சிப் படையின் தளபதி லி ஷியூசெங்கின் அரண்மனைக்குள் ஒரு பகுதியாகி, கடைசியில் 1950களில்தான் துண்டுகள் ஒன்று சேர்ந்தன.

பலர் ஏமாந்துபோவது வாசலிலேயே. நுழைவாயில் கிழக்குப் பக்கம். அந்தக் கிழக்குப் பகுதி சீரழிந்து கிடந்து 1950களில் புதிதாக அமைத்தது. புல்தரை, அகலமான பாதை, எந்த ஊரிலும் இருக்கிற பூங்கா மாதிரி. அங்கேயே அரை மணி நேரம் சுற்றிக் களைத்துப்போகிறார்கள். நீங்கள் நிற்காமல் அதைக் கடந்து, பூவேலைச் சன்னல்கள் வைத்த நீண்ட சுவரைத் தாண்டி நடுப்பகுதிக்குப் போய்விடுங்கள். தோட்டம் என்பது அங்கேதான் இருக்கிறது.

சுவரைத் தாண்டியதும் மேற்குப் பார்த்து நில்லுங்கள். நீண்ட குளம், இரு பக்கமும் மரங்கள், நேர் எதிரே மரத்தலைகளுக்கு மேல் ஒன்பது அடுக்குக் கோபுரம் ஒன்று. அது தோட்டத்துக்குள் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வடக்குக் கோயிலின் 76 மீட்டர் கோபுரம். குளத்தை அந்தத் திசையில் நீட்டி, நடுவில் மறைக்கிற மரங்களை ஒதுக்கி, ஊருக்குச் சொந்தமான கோபுரத்தை நம் வீட்டுக் காட்சியாக்கிக்கொள்வது. கடன் வாங்கிய காட்சி என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். 1630களில் தோட்டக் கலைக்கு நூல் எழுதிய ஜி செங் இதைத்தான் முதன்மையான வித்தை என்கிறார். பழைய நகருக்குள் உயரக் கட்டடங்களை நகராட்சி அனுமதிப்பதில்லை, அதனால் கடன் இன்னும் செல்லுபடியாகிறது.

நடுப்பகுதியில் ஒரு மண்டபம் மழையைக் கேட்பதற்கென்றே இருக்கிறது. பக்கத்தில் வாழை நட்டிருப்பார்கள். அது குலைக்காக வளர்க்கிற வாழை இல்லை, இலையில் மழை விழும் சத்தத்துக்காக. மேற்கே இன்னொரு மண்டபத்துக்கு வாடிய தாமரையில் மழை விழுவதைக் கேட்டபடி தங்கு என்ற கருத்தில் பெயர், 9ஆம் நூற்றாண்டுக் கவிஞர் லி ஷாங்யின்னின் வரியிலிருந்து எடுத்தது. இலையுதிர்காலத்தில் போனால் குளத்தில் காய்ந்த தாமரைத் தண்டுகள் நிற்பதைப் பார்த்துத் தோட்டக்காரர் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மழை நாளில் பயணத்தை ரத்து செய்யவும் வேண்டாம். ஜூனில் தொடங்கும் பிளம் மழைக் காலத்தில் போனவர்களுக்குத்தான் இந்த மண்டபங்கள் வேலை செய்யும், கூட்டமும் கொஞ்சம் குறையும்.

மேற்குப் பகுதியில் சு தோங்போவின் கவிதை வரியில் பெயர் பெற்ற விசிறி வடிவ மண்டபம் ஒன்று. 'யாரோடு உட்காருவேன்?' என்பது கேள்வி. நிலவு, காற்று, நான் என்பது பதில். நீங்கள் போகும்போது ஐம்பது பேரோடு உட்காருவீர்கள். அதன் அருகே, பழைய நாடகக் கூடத்தில் நீலக் கண்ணாடிச் சன்னல்கள் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பகுதியை வாங்கியவர் குன்சு இசை நாடகத்தில் பைத்தியமாக இருந்தவர், அவர் கட்டியது. அந்த நீலத்தின் வழியாக வெளியே பாருங்கள், வெயில் காலத்திலும் தோட்டத்தில் பனி பெய்த மாதிரி இருக்கும்.

உங்கள் நண்பரின் பாறைப் புகாருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இவை சும்மா உருட்டிக்கொண்டு வந்த பாறைகள் இல்லை. பக்கத்தில் தைஹு என்ற பெரிய ஏரி. அதில் அலையும் தண்ணீரும் அரித்து ஓட்டை போட்ட சுண்ணாம்புக் கற்கள் இவை. ஒல்லியாக இருக்க வேண்டும், சுருக்கம் விழுந்திருக்க வேண்டும், மேலிருந்து கீழே துளை ஓட வேண்டும், குறுக்கே ஒளி ஊடுருவ வேண்டும் என்று நான்கு லட்சணம் பார்ப்பார்கள். நல்ல கல் தீர்ந்துபோன காலத்தில் கல்லில் உளியால் துளை போட்டு, மறுபடி ஏரியில் இறக்கி, உளித்தடம் மழுங்கும்வரை வருடக்கணக்கில் விட்டு எடுத்தவர்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோங் பேரரசர் ஹுயிசோங் தன் தோட்டத்துக்காக இந்தக் கற்களைப் படகு படகாக வடக்கே கொண்டு போனார். வழியில் இடித்த பாலங்களும் மக்கள் பட்ட பாடும் கிளர்ச்சியில் போய் முடிந்தது. 1127இல் தலைநகரும் எதிரிகள் கைக்குப் போயிற்று. அப்போது அனுப்பாமல் விட்டுப்போன கல் என்று லியு யுவான் தோட்டத்தில் ஒன்றைக் காட்டுகிறார்கள், ஆறரை மீட்டர் உயரம். கதை எப்படியோ, கல் அபாரம். தலை கனத்து, இடுப்பு ஒடுங்கி, நேராக நிற்கிறது. முதலில் தூரத்தில் நின்று உருவத்தைப் பாருங்கள், அப்புறம் கிட்டே போய் ஒரு துளை வழியாக மறுபக்கம் பாருங்கள்.

அதற்காக எல்லாக் கல்மலையையும் மெச்ச வேண்டியதில்லை. ஜுவோஜெங் யுவானுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஷிட்ஸ லின், அதாவது சிங்கத் தோப்பு, 1342இல் ஒரு பௌத்தத் துறவிக்காக அவர் சீடர்கள் அமைத்தது. உள்ளே குகையும் சுரங்கமுமாக ஒரு புதிர்ப்பாதை. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு அது நெரிசல். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஷென் ஃபூ என்ற சூஜோக்காரர், இது நிலக்கரிச் சாம்பலைக் குவித்து எறும்புப் பொந்து போட்ட மாதிரி இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். நல்ல கல்மலை பார்க்க வேண்டும் என்றால் கூட்டமே இல்லாத ஹுவான்ஷியூ தோட்டத்துக்குப் போகலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கே யுலியாங் என்ற கொத்தனார் கட்டியது. குகைக் கூரைக்குப் பலகைக் கல்லைப் படுக்கப் போடாமல், வளைவுப் பாலம் கட்டுகிற மாதிரி கல்லோடு கல்லைக் கோத்து ஏற்றியிருக்கிறார். சில நூறு சதுர மீட்டருக்குள் பள்ளத்தாக்கு, செங்குத்துப் பாறை, நீரோடை எல்லாம் வந்துவிடுகிறது.

இனி உங்கள் நாள். ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரை மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போது 'சூஜோ' நிலையம் என்று பார்த்து எடுங்கள். 'சூஜோ வடக்கு' ஊருக்கு வெளியே வெகு தூரம். ரயிலுக்கும் தோட்டத்துக்கும் அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும். ஜுவோஜெங் யுவானுக்குப் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுத்து முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். சனி ஞாயிறுகளில் இடம் தீர்ந்துவிடும். அக்டோபர் முதல் வாரமும் மே தின விடுமுறையும் என்றால் பேசாமல் ஷாங்காயிலேயே இருங்கள்.

வார நாளாக இருந்து, காலை ஏழரைக்குத் திறக்கும்போதே வாசலில் நிற்க உங்களால் முடியும் என்றால் முதலில் ஜுவோஜெங் யுவான். ஒலிபெருக்கி மாட்டிய சுற்றுலாக் குழுக்கள் வருவதற்குள் ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். அப்புறம் பக்கத்துச் சுவரில் இருக்கும் சூஜோ அருங்காட்சியகம். கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய் வடிவமைத்து 2006இல் திறந்தது. சிங்கத் தோப்பு ஒரு காலத்தில் அவர் குடும்பத்துச் சொத்து. ஜுவோஜெங் யுவானின் மதிலையே தாளாக வைத்து, அதன் முன்னால் கற்களைத் துண்டு துண்டாக அறுத்து மலைத்தொடர் மாதிரி நிறுத்தியிருக்கிறார். அனுமதி இலவசம், முன்பதிவு அவசியம், திங்கட்கிழமை விடுமுறை. மதியம் பிங்ஜியாங் சாலையில் வாய்க்கால் ஓரமாக நடந்து, மூன்று மணி வாக்கில் வாங்ஷி யுவான்.

சீக்கிரம் எழ முடியாது என்றால் ஜுவோஜெங் யுவானை விட்டுவிட்டு லியு யுவானுக்குப் போங்கள். அதன் நுழைவு வழி தனி அழகு. இருட்டும் இடுக்குமாகத் திரும்பித் திரும்பிக் கூட்டிப்போய், சட்டென்று குளத்தங்கரையில் விடும். இன்னொரு லாபமும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைக் கட்டிய ஷூ தைஷிக்கு மேற்கே இன்னொரு தோட்டம் இருந்தது. அது பிறகு பௌத்தக் கோயிலாகிவிட்டது, நடந்து போகிற தூரம்தான். அங்கே காளான் போட்ட சைவ நூடுல்ஸ் கிடைக்கும். சூஜோவில் மற்ற இடங்களில் மேலே காய்கறி மட்டும் இருந்தாலும் அடியில் இருக்கும் சூப் மாமிசத்தில் வைத்ததாக இருக்கும், சைவக்காரர் என்றால் கவனம்.

வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரையிலான மாதங்களில் வாங்ஷி யுவானை இரவிலும் திறக்கிறார்கள், தனி டிக்கெட். ஒவ்வொரு கூடத்திலும் சில நிமிடங்கள் குன்சு பாடலோ, பீபா என்ற தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு கதை சொல்லும் பிங்டானோ நடக்கும். மொழி புரியாது, பரவாயில்லை. உங்கள் தேதியில் இருந்தால் மாலைப் பதிவை முதலில் செய்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்துத் திரும்பும் டிக்கெட்டை எடுங்கள்.